தோட்டத்துக்கு ஒரு பூ

"அங்கேயே நில்லுங்க. வயர் இருக்கு, மிதிச்சுடாதீங்க."

சபைச் செயலர் தூக்கிய காலை அப்படியே நிறுத்திக் குனிந்து பார்த்தார். மேடைப் படிக்கு அடியில் இறந்தவரின் மகள் ஒருக்களித்துப் படுத்து, மைக் வயரைத் தரையோடு சேர்த்து டேப் போட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். கறுப்பு உடையின் முழங்கையில் தூசி அப்பியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அவளுடைய அப்பாவின் பெட்டி இந்த வழியாகத்தான் உள்ளே வரும்.

"ஏம்மா, இன்னைக்குமா நீ இந்த வேலை பாக்கணும்? வேற ஒரு ஆளைச் சொல்லியிருக்கேனே. அவன் பாத்துப்பான். நீ போய் அம்மா பக்கத்துல உக்காரு, அதுதான் அழகு."

"அவரைத் திருப்பி அனுப்பிட்டேன்."

"யாரைக் கேட்டு?"

"மிக்ஸர் எங்க கடையோடது. ஸ்பீக்கர் எங்க கடையோடது. நீங்க மிதிக்கப் பாத்த வயரும் எங்க கடையோடதுதான். யாரைக் கேக்கணும்?"

செயலர் தொண்டையைச் செருமிக்கொண்டார். எந்தப் பேச்சையும் கடைசியில் தான்தான் முடிக்க வேண்டும் என்பது அவருடைய பழக்கம். "சரி, எப்படியோ போ. இன்னைக்காவது மைக் சத்தம் நடுநடுவுல அமுங்காம இருக்கணும். வெளியிலயும் நாற்காலி போட்டிருக்கோம், கூட்டம் ஜாஸ்தி. உங்கப்பா இருந்த வரைக்கும் அந்தக் கோளாறு என்னன்னே கண்டுபிடிக்க முடியல."

மகள் டேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். அந்தக் கோளாறு என்னவென்று தெரிந்தவர்கள் மூன்று பேர். ஒருவர் பெட்டிக்குள் கிடத்தப்பட்டிருந்தார். ஒருத்தி வீட்டில் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இன்னொருத்தி படிக்கு அடியிலிருந்து எழுந்து முழங்கையைத் தட்டிக்கொண்டு, சபைக் கூடத்தின் பின்மூலையில், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் வைத்திருந்த மேஜைக்குப் போனாள்.

மைக்காரர் என்றால்தான் அந்த வட்டாரத்தில் அப்பாவைத் தெரியும். கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் கடை அவருடையது. பழுதானதைப் பிரித்து மாட்டும் வேலையும் அங்கேயே நடக்கும். சபை ஆராதனைக்கு மட்டும் வாடகை வாங்க மாட்டார். ஞாயிறுதோறும் அந்தப் பின்மூலை மேஜையில் உட்கார்ந்து, போதகரின் குரலை ஏற்றி இறக்கி ஊருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். அதிலே ஒரு வில்லங்கமும் செய்துகொண்டிருந்தார். வேதத்தில் இல்லாத ஒரு வாக்கியத்தைப் போதகர் வேதவாக்கு மாதிரிச் சொன்னால், மைக்காரரின் விரல் மெல்ல வால்யூமை இறக்கிவிடும். போதகர் மேடையில் வாயசைத்துக்கொண்டிருப்பார், கூடத்தில் மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்கும். அந்த வாக்கியம் முடிந்ததும் குரல் திரும்ப வந்துவிடும்.

வயர் லூஸ் என்றார்கள். புது வயர் வந்தது. மைக்கே சரியில்லை என்று கமிட்டி கூடிப் பேசி, விலை உயர்ந்த மைக் ஒன்றை வாங்கியது. அதுவும் அதே மாதிரி நடந்துகொண்டது. வெளியிலிருந்து வரும் பிரசங்கிகள் சிலருக்கு மைக் ஒரு தடவைகூட மக்கர் செய்யவில்லை. வேறு சிலர் பேசும்போது பாதிப் பிரசங்கம் காற்றோடு போயிற்று. இதை யாரும் சேர்த்து யோசிக்கவில்லை. சபைக்கு யோசனை செய்கிறவர்களை எல்லாம் கமிட்டியில் போட்டுவிட்டபடியால் வெளியே ஆள் இல்லை என்று அப்பா சொல்வார்.

அநியாயத் தீர்ப்பும் சொல்ல மாட்டார். "ஆண்டவருக்குக் கைதட்டுங்கள்" என்று பாட்டுக்காரர்கள் கத்தும்போது ஸ்பீக்கர் கரகரவென்று கிழியும், அவருக்குக் காதில் கம்பி விட்ட மாதிரி இருக்கும். இருந்தும் இறக்கியதில்லை. "கை தட்டச் சொல்லி இருக்கே, என்ன பண்றது" என்பார். "சாத்தானைக் கட்டுகிறோம்" என்று வாராவாரம் முழங்குவார்கள். அதற்குப் பாதிச் சத்தம் வைப்பார். "கட்டுறதப் பத்தி இருக்கு. ஆனா இவங்க இப்படி ஞாயிறுக்கு ஞாயிறு கட்டுறதா இல்ல. அதனால பாதி. அது இருக்கட்டும், போன வாரம் கட்டினாங்களே, நடுவுல யாரு அவுத்து விட்டது?" "தாங்க முடியாத பாரத்தை அவர் தரமாட்டார்" என்பதற்கு ஒரேயடியாக இறக்கிவிடுவார். அங்கே சொல்லியிருப்பது சோதனையைப் பற்றி, அதிலிருந்து தப்பிக்கிற வழியைப் பற்றி. நோவைப் பற்றியும் சாவைப் பற்றியும் அல்ல என்பது அவர் கட்சி. ஒரு தடவை ஏதோ ஒரு வரியைத் தெரியாமல் இறக்கிவிட்டு, வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தால் அது இருந்தது. அந்த வாரம் முழுக்க அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சாப்பாட்டு மேஜையில் இதையெல்லாம் பேசிச் சிரிக்கும்போது அம்மா மட்டும் சிரிக்க மாட்டாள். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவாள்.

ஏனென்றால் இது சிரிப்பில் தொடங்கிய காரியம் இல்லை.

மகளுக்கு ஒரு தம்பி இருந்தான். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, சாலையைக் கடக்கிற இடத்தில், பின்னால் பார்க்காமல் ரிவர்ஸில் வந்த ஒரு லாரி. அவ்வளவுதான். அப்போது போதகர் இளைஞர், சபைக்குப் புதிதாக வந்திருந்தார். இதே கூடம், இதே மேடை. சின்னப் பெட்டி. அவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "ஆண்டவருடைய தோட்டத்துக்கு ஒரு பூ தேவைப்பட்டது, அவர் பறித்துக்கொண்டார். பறித்தவருக்கு நன்றி சொல்லுவோம், அழுது அவரை விசனப்படுத்த வேண்டாம்" என்றார். கூட்டம் ஆமென் என்றது. அம்மா அப்போதுதான் வாயைத் திறந்து அழத் தொடங்கியிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் கைக்குட்டையால் அம்மாவின் வாயைப் பொத்தினாள். அன்பாகத்தான் பொத்தினாள். "ஆமென் சொல்லுங்கக்கா, ஆமென் சொல்லுங்க" என்று காதருகே சொல்லிக்கொண்டே இருந்தாள். கை எடுக்கப்பட்டபோது அம்மா ஆமென் என்றாள்.

அதற்குப் பிறகு அம்மா அழுது யாரும் பார்த்ததில்லை. அடுத்த வருடம் அதே மேடையில் ஏறி, பூவைக் கொடுத்ததற்காக நன்றி சொல்லிச் சாட்சிகூடச் சொன்னாள். சபை அவளைக் கொண்டாடியது. வீட்டில் மட்டும் சில நாட்கள் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, மேலே ஒன்றும் வைக்காமல் பார்த்துக்கொண்டே நிற்பாள். மகள் போய் அடுப்பை அணைத்துவிட்டு வருவாள்.

அப்பா அந்தப் பூவைத் தேடத் தொடங்கினார். வேதத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தார். மறுபடியும் படித்தார். பூ இருந்தது. மனிதனுடைய வாழ்வு புல்லின் பூவைப் போல உதிர்ந்துபோகும் என்று இருந்தது. பறித்தார் என்று எங்கேயும் இல்லை. தோட்டத்துக்குக் குழந்தை தேவைப்பட்டது என்று எங்கேயும் இல்லை. அழாதே என்றுகூட இல்லை. "நம்பிக்கை இல்லாதவங்க மாதிரி துக்கப்படாதேன்னு இருக்கு. துக்கமே படாதேன்னு இல்ல" என்று செயலரோடு ஒருநாள் கடைவாசலில் நின்று வாதாடினார். "செத்துப்போன சிநேகிதன் கல்லறைக்கு முன்னால ஆண்டவரே நின்னு அழுதிருக்கார். இன்னும் கொஞ்ச நேரத்துல அவனை எழுப்பப்போறோம்னு தெரிஞ்சே அழுதிருக்கார். இவங்க அவரைவிடப் பெரிய விசுவாசிகளா?" செயலர் தனக்கு வேலை இருப்பதாகச் சொல்லிக் கிளம்பினார். அடுத்த ஞாயிறு முதல் மைக் மக்கர் செய்யத் தொடங்கியது.

அடக்கத்துக்கு முந்தைய நாள் காலையில் அப்பாவுக்கு நல்ல நினைவு இருந்தது. மருத்துவமனை போதும் என்று வீட்டுக்கே கொண்டுவந்திருந்தார்கள். மூச்சு மட்டும் படியேறி வந்தவருடையது போல இருந்தது. கட்டிலின் தலைமாட்டை உயர்த்தி, இரண்டு தலையணைகளை முட்டுக் கொடுத்து, மகள் அவருக்கு முகம் மழித்துவிட்டாள்.

"முதலாளி," என்றார். கடையை அவள் கையில் கொடுத்த நாளிலிருந்து அப்படித்தான் கூப்பிடுவார். "என் விசேஷத்துக்கு மிக்ஸர்ல யாரு?"

"இப்ப எதுக்குப்பா அந்தப் பேச்சு? கன்னத்தை ஆட்டாதீங்க, வெட்டிடும்."

"வெட்டினா என்ன, தையல் பிரிக்கிற வரைக்குமா இருக்கப்போறேன்? சொல்றதைக் கேளு. நீ உக்காரு. வேற யாரையும் உக்கார விடாத. போதகர் அந்தப் பூவை எடுப்பார். எடுத்தா இறக்கிடு."

"எவ்வளவு வருஷம் ஆச்சு. அவர் மறந்திருப்பார்."

"அவர் மறந்திருப்பார். வாய் மறந்திருக்காது." சற்று நேரம் மூச்சு வாங்கினார். "மனுஷன் தங்கம். நான் படுத்ததுலேர்ந்து ஒருநாள் விடாம வந்து பாக்கிறார். வாய்தான் தகரம்."

மகள் சவரக்கத்தியைத் தண்ணீரில் அலசினாள். இத்தனை காலமாகக் கேட்க நினைத்த ஒன்றை இன்று கேட்காவிட்டால் இனி ஆள் இருக்காது.

"ஏம்ப்பா, ஒரு தடவையாவது எழுந்து நேரா கேட்டிருக்கலாமே? இறக்கி இறக்கி என்ன கண்டீங்க? வயர் லூஸுன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க."

அவர் கண்ணைச் சமையலறைப் பக்கம் காட்டினார். அங்கே அம்மா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். "உங்கம்மா அன்னைக்கு ஆமென் சொன்னாளே. அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் எழுந்து நடமாடுறான்னு நெனச்சேன். அவ பிடிச்சிருக்கிறதைத் தட்டிவிட நான் யாரு?"

அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. மத்தியானத்துக்கு மேல் மூச்சு குறைந்துகொண்டே வந்தது. சாயங்கால வெயில் அறைக்குள் இருக்கும்போதே நின்றுவிட்டது. அம்மா அவருடைய வாயைச் சேர்த்து மூடி, தாடைக்குக் கீழே துணி கட்டினாள். கண் கலங்கக்கூட இல்லை. வந்து பார்த்த சபைப் பெண்கள் வெளியே போகும்போது, "என்ன விசுவாசம், என்ன விசுவாசம்" என்று பேசிக்கொண்டு போனது ஜன்னல் வழியாகக் கேட்டது. மகளுக்கு அவர்களைத் திரும்பக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்க வேண்டும் போல எரிந்தது.

இன்று காலையில், வயர்ச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் கிளம்பும்போது, அம்மா வாசல்வரை வந்தாள்.

"நீதான் உக்காரப்போறியா?"

"ஆமா."

"உங்கப்பா ஏதாவது சொன்னாரா?"

"சொன்னார்."

"வேணாம்டி. போதகர் என்னத்தையோ சொல்லிட்டுப் போகட்டும். வாய் புளிச்சுதோ மாங்கா புளிச்சுதோன்னு பேசறவங்க கிட்ட எல்லாம் வழக்குக்கு நிக்க முடியுமா? நல்லபடியா கொண்டுபோய் வச்சுட்டு வருவோம். நாலு பேர் முன்னால அசிங்கம் வேணாம்."

"அசிங்கம் நம்மளோடதா அவங்களோடதாம்மா?"

அம்மா மகளின் காலரைச் சரிசெய்தாள். மகள் அந்தத் தொடுகையை வழியெல்லாம் கழுத்தில் சுமந்துகொண்டு வந்தாள். அப்பா சொன்னதைச் செய்தால் அம்மாவின் பிடி போகும். அம்மா சொன்னதைச் செய்தால் அப்பாவின் மேல் அந்தப் பூ விழும். மேஜையில் உட்கார்ந்து மிக்ஸரில் ஒவ்வொரு விளக்காக எரிகிறதா என்று பார்த்தபோதும் அவளுக்கு ஒரு முடிவும் வரவில்லை.

பெட்டி வந்தது. கூடம் நிரம்பி, வெளியே போட்ட நாற்காலிகளும் நிரம்பி, ஜனம் தெருவரை நின்றது. அப்பாவிடம் ஸ்பீக்கர் வாடகைக்கு எடுத்தவர்கள், பழைய ரேடியோவைப் பழுது பார்த்துக்கொண்டவர்கள், சபைக்கே வராதவர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். அவர்களுக்காக வாசலுக்கு மேலே குழாய் ஸ்பீக்கர் இரண்டைத் தெருவைப் பார்த்துக் கட்டியிருந்தாள். அம்மா முதல் வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

ஜெபம் நடந்தது, பாட்டு நடந்தது. செயலர் அப்பாவைப் பற்றிப் பேசினார். வாடகை வாங்காத மனிதர் என்றார், கோளாறைப் பற்றிப் பெருந்தன்மையோடு ஒன்றும் சொல்லவில்லை. பிறகு போதகர் மைக்கைக் கையில் எடுத்தார். வயதாகிவிட்டது அவருக்கு. இந்த வருடத்தோடு ஓய்வு. பெட்டியைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார், அது நடிப்பில்லை என்று மகளுக்குத் தெரியும். நோயில் கிடந்தவரோடு எப்படிப் பேசிச் சிரித்தார் என்று நன்றாகவே சொல்லிக்கொண்டு வந்தார். மகளின் தோள் கொஞ்சம் இறங்கியது. அப்பா கணக்குத் தப்பு, இவர் எடுக்கமாட்டார் என்று நினைத்தாள்.

"பிரியமானவர்களே," என்று போதகரின் குரல் மேடைக் குரலாக மாறியது. "இந்தக் குடும்பம் ஆண்டவருக்குக் கொடுத்துப் பழகிய குடும்பம். அன்றைக்குத் தம்முடைய தோட்டத்துக்கென்று இந்த வீட்டிலிருந்து ஒரு பூவைப் பறித்துக்கொண்டவர், இன்றைக்குப் பழுத்த கனியையும்..."

அவளுடைய விரல் வால்யூமின் மேல்தான் இருந்தது. ஒரு இழுப்பு, வேலை முடிந்தது. கூட்டம் திரும்பிப் பார்க்கும். செயலர் முறைப்பார். மைக்காரர் போயும் கோளாறு போகவில்லை என்று வெளியே யாராவது சொல்லிச் சிரிப்பார்கள். வாக்கியம் மட்டும் யாருக்கும் கேட்காமல், யாரும் கேள்வி கேட்காமல், அடுத்த சாவு வீட்டுப் பெட்டிக்குப் பத்திரமாகப் போய்ச் சேரும். அவளுக்குப் போதகர் மேல் வந்த கோபத்தில் ஒரு பங்கு அப்பா மேலும் வந்தது. வெறும் பூவோடு நிற்காமல் கனியையும் சேர்த்துக்கொண்டாரே, இத்தனை வருடம் இறக்கி இறக்கி இதைத்தானே வளர்த்துவிட்டீர்கள் என்று பெட்டியைப் பார்த்துக் கேட்க வேண்டும் போலிருந்தது.

விரலை எடுத்தாள். சோதனைக்காக மேஜையில் வைத்திருந்த சின்ன மைக்கை எடுத்து அதன் விசையைத் தட்டினாள்.

"ஐயா, அது எங்கே இருக்கு?"

அவள் குரலே அவளுக்கு நான்கு மூலையிலிருந்தும் கேட்டது. போதகர் பேச்சை நிறுத்தினார். மேடையிலிருந்து பின்மூலைக்கு அவருடைய கண் வந்து சேரக் கொஞ்சம் நேரம் ஆயிற்று.

"என்ன மகளே?"

"பூவைப் பறிச்சார்னு சொன்னீங்களே. வேதத்துல எங்கே இருக்கு? எங்கப்பா தேடினார், அவருக்குக் கிடைக்கல. உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க."

கூடத்தில் ஒரு சலசலப்பு எழுந்து தெருவரை போயிற்று. செயலர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "இது கேள்வி கேக்குற இடமா? உங்கப்பன் பெட்டி கிடக்கு. மைக்கை அணைச்சுட்டு உக்காரு."

"பெட்டி கிடக்கிறதாலதான் கேக்குறேன். அவர் மேலதானே சொல்றீங்க."

போதகர் கையைத் தூக்கிச் செயலரை உட்காரச் சொன்னார். முகம் வெளுத்திருந்தது. ஆனால் பழக்கம் அவருக்குக் கை கொடுத்தது. "துக்கத்தில் இருக்கும் பிள்ளை. அவளை நாம் ஜெபத்திலே தாங்குவோம். இப்போது எல்லாரும் எழுந்து ஒரு பாட்டைப் பாடுவோம்" என்றார். முன்வரிசையில் யாரோ சுருதி சேராமல் எடுத்துக் கொடுக்க, ஜனம் எழுந்து பாடத் தொடங்கியது. நல்ல சத்தமான பாட்டு. மகள் மைக்கை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். பாட்டு முடியட்டும், மறுபடியும் கேட்கிறேன், சாயங்காலம் வரை ஆனாலும் கேட்கிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் அம்மாவைப் பார்த்தாள். எல்லாரும் நின்று பாடிக்கொண்டிருக்க, அம்மா தன் இடத்தை விட்டுப் பெட்டியைச் சுற்றி மேடையை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். அம்மா போதகரிடம் மன்னிப்புக் கேட்கப்போகிறாள், அந்த மைக்கை வாங்கி என்னை உட்காரச் சொல்லப்போகிறாள் என்று நினைத்தாள்.

அம்மா மேடைப் படிக்குக் கீழே போய் நின்றாள். பாடவில்லை. பேசவும் இல்லை. போதகரை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான். முன்வரிசையில் பாட்டு நின்றது. பிறகு அதற்குப் பின்வரிசையில் நின்றது. கடைசியில் வெளியே தெருவில் நின்றவர்கள் மட்டும் விஷயம் தெரியாமல் ஒரு வரியைப் பாடி முடித்தார்கள்.

"எனக்கும் தெரியணும் ஐயா," என்றாள் அம்மா.

போதகர் இரண்டு படி இறங்கி வந்தார். மைக் வைத்திருந்த கையைத் தொடையோடு தொங்கவிட்டுக்கொண்டு, குனிந்து அவளிடம் மெதுவாக ஏதோ சொன்னார். உதடு அசைவது மட்டும் தெரிந்தது. ஆறுதலாகத்தான் இருந்திருக்க வேண்டும். மற்றொரு கையை அவள் தோளில் வைத்தார்.

அம்மா அந்தக் கையை எடுத்து ஓரமாக விட்டாள். கோபமாக இல்லை, சாப்பிடும்போது தட்டில் விழுந்ததை எடுத்து ஓரத்தில் வைப்பாளே, அப்படி.

"மைக்ல சொல்லுங்க. அன்னைக்கு மைக்லதான் சொன்னீங்க."

மகளின் விரல் வால்யூமைத் தேடிப் போனது. தன்னுடைய சின்ன மைக்கை அணைத்துவிட்டு, போதகரின் மைக் வால்யூமை மேலே தள்ளினாள். இன்னும் ஒரு இழை தள்ளினால் ஊளையிடும் என்கிற இடம்வரை கொண்டுபோய் நிறுத்தினாள். அந்தக் கூடத்துக்கு அது எந்த இடம் என்று அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரியும்.

போதகர் மைக்கை உயர்த்தினார். முதலில் அவருடைய மூச்சுதான் கேட்டது. தெருவிலும் கேட்டது. நின்றுகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து ஸ்பீக்கரைப் பார்த்தார்கள்.

"இல்ல," என்றார். மேடைக் குரல் எங்கேயோ போய்விட்டிருந்தது. வீட்டில் பேசுகிற குரல், வயதான குரல். "எங்கேயும் இல்லம்மா. அன்னைக்கு எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. நான் கேட்டு வச்சிருந்தது அது ஒண்ணுதான். எனக்கும் அப்ப சின்ன வயசு."

யாரும் அசையவில்லை. செயலர் மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் கதவைப் பார்ப்பதுமாக இருந்தார்.

"அப்ப என் பிள்ளையை அவர் கேக்கல," என்றாள் அம்மா.

"கேட்டார்னு எழுதியில்ல."

"நான் அழக் கூடாதுன்னு சொன்னது?"

போதகர் தலையை அசைத்தார். அசைத்தது போதாது என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். மைக்கை வாயருகே கொண்டுவந்தார். "அதுவும் இல்ல," என்றார். "நீங்க அழுதிருக்கலாம்."

அம்மா தலையைத் தலையை ஆட்டினாள், கடையில் சொன்ன விலையைக் கேட்டுக்கொள்வது போல. திரும்பிப் பெட்டியைப் பார்த்தாள். மகளைத் தேடி அந்தப் பின்மூலையைப் பார்த்தாள். அங்கே மகளின் பக்கத்தில் காலியாக இருந்த அப்பாவின் நாற்காலியையும் பார்த்தாள். பிறகு அவள் வாய் கோணியது.

அது அழகான அழுகை இல்லை. தொண்டையிலிருந்து வராமல் அடிவயிற்றிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது. கணவரின் பெயரையோ பிள்ளையின் பெயரையோ சொல்லவில்லை. வெறும் சத்தம். ஒரு பெண் கைக்குட்டையோடு எழுந்து ஓடி வந்தாள். மகள் மேஜைக்குப் பின்னாலிருந்து எழுந்து நின்று, கூடத்தின் முழு நீளத்துக்கும் கேட்கும்படி, மைக் இல்லாமலே, "அவங்களைத் தொடாதீங்க" என்றாள். அந்தப் பெண் நடுவழியில் நின்றுவிட்டாள்.

போதகர் மைக்கை விலக்க மறந்து அம்மாவின் முன்னால் பிடித்தபடியே நின்றார். அழுகை முழுவதும் அதற்குள் போனது. கூடத்தின் சுவர்களில் மோதி, வாசலுக்கு மேலே கட்டிய குழாய்கள் வழியாகத் தெருவுக்குப் போனது. எதிர்க்கடையில் வியாபாரம் நின்றது. பேருந்து நிறுத்தத்தில் நின்றவர்கள் திரும்பினார்கள். ஒருவர் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார்.

செயலர் நடைவழியில் வந்து நின்று, உள்ளங்கையைத் தரையைப் பார்த்துக் கவிழ்த்து, குறை குறை என்று மகளைப் பார்த்துச் சைகை காட்டினார். அவள் பார்த்தாள். மிக்ஸரிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.